அப்பா விண்வெளிக்குப் போயிருந்த ஆடி

அப்பா,

இன்று காலை கிளினிக்கில் புது பேண்டேஜ் சுருள் ஒன்றைப் பிரித்தேன். உங்கள் சட்டை வாசம் வந்தது. எத்தனை தடவை துவைத்தாலும் போகாமல், சாப்பிடும்போது ரசத்தையும் மீறி அடிக்குமே, அந்தப் பிளீச்சிங் வாசம். நடை பழகும் கம்பியைப் பிடித்து நின்றிருந்த நோயாளியை மறந்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் நீங்கள் வேலை பார்த்த பேண்டேஜ் யூனிட்டின் ஈரத் தரையில் நீங்கள் வழுக்கி விழுந்தபோது நான் பிசியோதெரபி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே முறிவு. ஊரார் காயத்துக்கெல்லாம் துணி வெளுத்துக் கொடுத்த உங்களுக்கு, வழுக்காத ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித்தர முதலாளிக்கு மனம் வரவில்லை. இன்றும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. உங்கள் கவலையோ வேறு. "ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர்வடம் புடிக்கணும். அதுக்குள்ள காலைச் சரி பண்ணிரு" என்றீர்கள். வருஷம் தவறாமல் பிடித்த வடம் அது.

கம்பி வைத்து ஆபரேஷன் முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்து நிற்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் வீடுதான் விடவில்லை. கால் தரையில் பட்டால் எலும்பு விலகிவிடும் என்று அம்மா பதறினாள். சித்தப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் உங்களை நாற்காலியோடு தூக்கிக் கக்கூஸுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தால் ஆட்டுக்கால் சூப். ஒன்றரை மாதத்தில் தொப்பை வளர்ந்தது, கெண்டைக்கால் கரைந்தது.

விடுமுறைக்கு வந்த நான் கத்தினேன். "விண்வெளிக்குப் போறவங்களுக்கு இதாம்ப்பா நடக்குது. அங்க உடம்புக்கு எடை தெரியாது. பாரம் விழாத எலும்பு, நமக்கு இங்க வேலை இல்லன்னு தானாக் கரைய ஆரம்பிச்சிரும்."

"அப்ப ஒங்கம்மா என்னைய ராக்கெட்டுல ஏத்திட்டாளா?"

"சித்தப்பாதான் டிரைவர்."

நீங்கள் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. யூனிட் சூப்பர்வைசர். "எப்ப வருவீரு? வேற ஆளைப் போடவா?" மெஷின் நின்றால் மெக்கானிக்கை அனுப்புகிறவர்கள், மனுஷன் விழுந்தால் போன்தான் போடுகிறார்கள். தினம் இரண்டு தடவை. ஒவ்வொரு போனுக்கும் பிறகு உங்களுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை.

"இந்தப் பயமும் ஆகாதுப்பா. பயந்தா கார்டிசால்னு ஒண்ணு ஊறும். நாள்கணக்கா அது ஏறியே கெடந்தா, எலும்பு கட்டுற செல்லை வேலை பாக்க விடாது."

"எலும்புக்குள்ளயும் வந்து நிக்கானா சூப்பர்வைசரு?" என்றீர்கள்.

சூப் டம்ளரோடு நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி போன் அடித்ததும் அவளே எடுத்தாள். "அவிய விண்வெளிக்குப் போயிருக்காவ. எறங்குனதும் நாங்களே சொல்லுதோம்." போனை முந்தானையில் முடிந்துகொண்டு உங்களிடம் திரும்பினாள். "எந்திரிங்க."

"கால் தரையில பட்டா?"

"படட்டும்."

ஒரு தோளில் அவள், மறு தோளில் நான். வலியில் என்னைப் பாதகத்தி என்று திட்டினீர்கள். முதலில் வாசல்வரை, பிறகு தெருக்குழாய்வரை, பிறகு டீக்கடைவரை. டீக்கடையை நான் சொல்லவில்லை, நீங்களாகவே போனீர்கள்.

யூனிட்டில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நீங்கள் வேறு வேலை தேடிக்கொள்ளவேண்டியிருந்தது. ஆனால் ஆடிப்பூரத்தன்று, ஒரு கையில் கம்போடு, வடத்தின் கடைசி நுனியைப் பிடித்து நாலே நாலு எட்டு வைத்தீர்கள். "ஏட்டி, பாரம் ஏறுதுட்டி!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில், அருள் வந்துவிட்டதாக நினைத்து ஒரு அக்கா உங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

பிறகு மூன்று தேர் இழுத்தீர்கள். போன மாசியில் நெஞ்சு ஏமாற்றி உங்களைக் கொண்டுபோனபோதும் அந்தக் கால் நன்றாகத்தான் இருந்தது.

இன்று கம்பியைப் பிடித்து நின்றவள் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவள். காலில் ஆபரேஷன். உள்ளங்கால் தரையில் பட்டும் படாமலும் நின்றாள். அப்போது அவள் போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததும் முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும், அப்பா. "மில்லா? குடுங்க" என்று வாங்கினேன்.

"அவிய விண்வெளிக்குப் போயிருக்காவ. எறங்குனதும் சொல்லுதோம்."

அவள் கம்பியை விட்டுவிட்டு வாய் பொத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உள்ளங்கால் முழுக்கத் தரையில் பதிந்திருந்ததை அவள் கவனிக்கவேயில்லை.