புத்தகத்தில் ஏறாத தூக்கு

ஜூலை 8, 2025, செவ்வாய்
லிங்கநகர் வீட்டில் இன்றும் தண்ணீர் வரவில்லை. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்தரை மணிக்குத் துறைமுக யாட்டிலிருந்து ஃபோன். இரண்டாம் கிரேனின் பாரம் தாங்கும் இரும்பு பீம் முறிந்துவிட்டது. மேலே கூண்டில் இருந்து அதை ஓட்டிய மஹ்ரூப் நானாவின் வலது கால் நசுங்கிவிட்டதாம்.

அந்த பீம் 2032 வரை தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வைத்தவள் நான்.

ஜூலை 9
நானாவின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 11
மனேஜர் அகீல் அறைக்கு வந்தார். "சுலோஜனா, உங்கட ரிப்போட் சரிதானே?"

"சரிதான்."

"அப்ப மஹ்ரூப் அளவுக்கு மீறிப் பாரம் தூக்கியிருக்கார். வேற என்ன?"

ஓம் என்றேன். ஏன் சொன்னேன்? விசாரணையில் அப்படி முடிவானால் அந்த மனுசனுக்கு நட்டஈடு கிடையாது. தெரிந்துதானே சொன்னேன்?

ஜூலை 12
திரும்பக் கணக்குப் போட்டேன். பீமைக் கொம்பியூட்டரில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு தூக்குக்கு வெல்டிங்கில் எவ்வளவு இழுவை வருகிறது என்று பார்ப்பேன். பிறகு எத்தனை தூக்கு என்று எண்ணிக் கூட்டுவேன். ஒரு தூக்கு ஒன்றும் செய்யாது. லட்சக்கணக்கில் தூக்கினால் இரும்புக்கும் களைப்பு வந்து வெடிக்கும். எத்தனை தூக்கு என்பதை கிரேன் ஓட்டுபவர்கள் எழுதும் யாட்டின் லொக் புத்தகத்திலிருந்து எடுத்தேன். 2019 தொடக்கத்தில் பொருத்திய பீம், பதின்மூன்று வருடம் தாங்கும்.

மூன்று தரம் ஓட்டினேன். 2032, 2032, 2032. மூதேவி மெஷின்.

ஜூலை 15
ஆஸ்பத்திரிக்குப் போனேன். நானாவின் மனைவி லைலா இருக்கச் சொல்லிக் கதிரையை என் பக்கம் தள்ளினா. கூடப் பாரம் தூக்கினீங்களா என்று நேரே கேட்டுவிட்டேன். நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பது வருசம் மிஸ்! ஒரு நாளும் கூடத் தூக்கல்ல. ஒரு சாண் தூக்குவன், திரும்ப இறக்கி வெப்பன், கீழ நிக்கிறவனச் சங்கிலியப் பாக்கச் சொல்லுவன், பொறகுதான் முழுசாத் தூக்குவன். அவனும் புள்ளகுட்டிக்காரன்தானே."

"ஒவ்வொரு தரமுமா?"

"ஒவ்வொரு தரமும்தான்."

"புத்தகத்தில எப்பிடி எழுதுவீங்க?"

"ஒரு தூக்கெண்டுதான். ரெண்டெண்டு எழுதினா கள்ளக் கணக்கெல்லோ?"

புத்தகத்தில் ஒன்று, பீமுக்கு இரண்டு.

ஜூலை 16
எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினேன். 2025 நடுப்பகுதி. கணக்கு இவ்வளவு கிட்ட வருமென்று நானே நம்பியதில்லை. நாசமாய்ப் போன கணக்கு.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், அரை மணித்தியாலம் அந்தக் கிரேனுக்குக் கீழே நின்றிருந்தால் என் கண்ணே எண்ணியிருக்கும். ஏசி அறையை விட்டு நான் அசையவில்லை. எருமை நான்.

ஜூலை 18
நானா இரண்டு தரம் தூக்கியதை நான் எண்ணவில்லை, பிழை என்னுடையது என்று விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். அகீல் படித்துவிட்டு, "உங்கட பேர்தான் நாறும், யோசிச்சுக்கொள்ளுங்க" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
கிண்ணியாவில் நானாவின் வீட்டுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் பாத்துப் பாத்துத் தூக்கினதாலதானா உடஞ்சிருக்கு?"

"இல்லை நானா, நான் எண்ணாததாலதான் —"

அது அவர் காதில் ஏறவில்லை. லைலா எழும்பினா. "போதும் மிஸ். நீங்க போங்க."

ஆகஸ்ட் 21
தீர்ப்பு வந்தது. கூடுதல் பாரம் தூக்கவில்லையாம். 'அனுமதியின்றி ஒவ்வொரு சுமையையும் இருமுறை தூக்கியமையே காரணம்.' நட்டஈடு இல்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

நான் எழுதிய கடிதத்தை வைத்தே அவரை முடித்துவிட்டார்கள். சண்டாளர்கள்! நான் மட்டும் என்ன?

ஆகஸ்ட் 29
மேல்முறையீடு எழுதினேன். ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள்.

செப்டெம்பர் 10
எல்லாக் கிரேனிலும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள்: 'ஒரு சுமைக்கு ஒரு தூக்கு'. மற்ற மூன்று பீம்களையும் நான்தான் கணக்குப் பார்க்கவேண்டும். இப்போது காலையிலேயே யாட்டுக்குப் போய் வெயிலில் நின்று எண்ணுகிறேன். ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை.

இன்றைக்கு மூன்றாம் கிரேன் அர்ஷாக் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மிஸ், ஒருக்காத் தூக்கிச் சங்கிலியப் பாக்கலாமா, பாக்கக் கூடாதா?"

"பாருங்கோ!" என்று கத்தினேன். "நான் எழுதித் தாறன்."

"மஹ்ரூப் நானாவுக்கும் எழுதித்தானே குடுத்தீங்க" என்றார். சங்கிலியைப் பார்க்காமலே ஒரே தூக்காகத் தூக்கினார்.

கீழே இரண்டு பேர் நின்றார்கள்.