அப்பா பெயர் இல்லாத பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, வடிவு வணங்கி எழுதுவது. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். எழுத்துக் கூட்டி நீங்களே படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நேற்று மாமா என்னைக் கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், வாத்தியக் கோஷ்டியோடு பாட வைத்தார். இசைத்தட்டாக வரப்போகிறதாம். காத்திருந்த நேரத்தில், அப்பா செத்தபோது நீங்கள் கட்டிப் பாடிய ஒப்பாரியைத் தெரியாத்தனமாக முணுமுணுத்துவிட்டேன். ஆர்மோனியக்காரர் அதையே பாடச் சொன்னார். பாதியில் அழுதுவிட்டேன்.

"நீ அழுகாத அம்மணி, பிளேட்டு வாங்கறவங்க அழுகட்டும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தானாம். அப்பா பெயர் வரும் அடிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிளாரினெட் ஊதினார்கள். "செத்தவரு பேரு எதுக்குங்க, இதுதான் எடுப்பா இருக்குது" என்று மாமாவே சொன்னார்.

மறுபக்கத்துக்கு மிச்ச ஒப்பாரி வேண்டுமாம். மறந்துபோச்சு என்று சொன்னேன். மாமா நம்பவில்லை. பாடாவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது என்கிறார். "அக்காகிட்டயே கேட்டுப்போட்டு வாரேன்" என்று ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவுக்குப் புறப்படுகிறார்.

அவரிடம் அப்பாவின் போர்வையைக் கொடுத்துவிடுங்கள். இங்கே எனக்குத் தூக்கம் வருவதில்லை. பாட்டை மட்டும் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் மறந்துபோச்சு என்று...

கதவைத் தட்டுகிறார்கள். மறந்துபோச்சு என்றே சொல்லுங்கள் அம்மா.