பதினாலாம் பாடம்

ஆவடி,
12-3-1990

அன்புள்ள அத்தானுக்கு வரலட்சுமி எழுதுவது.

விசா பரீட்சைக்கு என்று நீங்கள் அனுப்பிய ஸ்பானிஷ் புத்தகம் போன மாதம் வந்தது. பிரித்த கையோடு படிக்க உட்கார்ந்தேன். வணக்கம், தண்ணீர், விலை என்ன, எல்லாம் வருகிறது. பதினாலாம் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 'அதை', 'அவனுக்கு' என்பதற்கெல்லாம் லோ, லா, லே என்று துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள். எது எங்கே போகும் என்று புரிந்தபாடில்லை.

எதிர் குவார்ட்டர்ஸ் எல்லம்மா தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம், "இன்னாமே, ஊட்டுக்காரரு எப்போ இட்டுகினு போறாரு?" என்கிறாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் சேர்ந்திருந்தது நாற்பது நாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? அப்பா அடுத்த வருஷம் நவம்பரில் ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் என்னை அழைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மனைவி,
வரலட்சுமி

லாஸ் பால்மாஸ், ஸ்பெயின்,
20-4-1990

அன்பு வரலட்சுமிக்கு,

கடையில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம். விசா ஆபீஸ் பரீட்சையில் முதலில் கேட்பதே அந்தப் பதினாலாம் பாடத்தைத்தான். தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவசரப்படாதே, நிதானமாகப் படி. என் வீட்டுக்கார அம்மாள் பிலார் நல்லவள், எப்போதும் போல அவள் முகவரிக்கே எழுது. மாமாவுக்கு என் வணக்கம்.

கோதண்டம்

ஆவடி,
6-9-1991

அன்புள்ள அத்தானுக்கு,

ஏழு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நல்ல சேதி இருக்கிறது. பதினாலாம் பாடம் பிடிபட்டுவிட்டது. நம் பள்ளிக்கூடத்து வேற்றுமை உருபுதான் அத்தான். 'ஐ' வருகிற இடத்தில் லோ, லா. 'கு' வருகிற இடத்தில் லே. இரண்டும் சேர்ந்து வந்தால் லே முன்னால் போய் 'செ' ஆகிவிடும். "அதை அவளுக்குக் கொடுத்தேன்" என்பது "செ லோ தி". இதற்கா ஒன்றரை வருஷம் அழுதேன் என்று சிரிப்பாக வருகிறது.

பிலார் அம்மாளுக்கும் ஸ்பானிஷிலேயே கடிதம் போட்டிருக்கிறேன். உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை, 'உங்கள் வீட்டில் இருப்பவர்' என்று எழுதினேன். உங்களைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொல்லி, மனைவியை அழைத்துக்கொள்வதற்கான பரீட்சை எப்போது என்று கேட்டிருக்கிறேன். தப்பில்லையே?

தங்கள் அன்பு மனைவி,
வரலட்சுமி

ஆவடி,
30-12-1991

அத்தான்,

பிலார் அம்மாளின் பதில் வந்தது. அகராதி தேவைப்படவில்லை. நீங்கள் அந்த அறையைக் காலி செய்து மூன்று வருஷம் ஆகிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி இனெஸோடும் கைக்குழந்தையோடும் வந்து என் கடிதங்களை வாங்கிப் போகிறீர்களாம். நான் உங்கள் தங்கையாம். மனைவியை அழைத்துக்கொள்ளப் பரீட்சை எதுவும் கிடையாதே, யார் சொன்னது என்று கேட்டிருக்கிறாள்.

வராதே என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அழுது தீர்த்திருப்பேன். நான் கிளம்பிவிடக் கூடாது என்று புத்தகம் வாங்கி அனுப்பினீர்கள். நானும் விழுந்து விழுந்து படித்தேன்.

நாளை வேப்பம்பட்டில் ஒற்றை அறைக்குப் போகிறோம். பரீட்சை என்ன ஆயிற்று என்று அப்பா தினமும் கேட்டார். இன்று காலை, தேறவில்லை என்று சொல்லிவிட்டேன். "வுடும்மா, எட்டாங்கிளாஸ் படிச்ச பொண்ணுக்கு அதெல்லாம் எங்கேர்ந்து வரும்? மாப்ளைக்கு நானே மன்னிப்பு கேட்டு எழுதுறேன்" என்றார்.

அவர் எழுதுவார். அந்த ஒரு கடிதத்துக்காவது பதில் போடுங்கள்.

வரலட்சுமி