மருந்து செலுத்துதல்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். விருதுநகர் பஸ்ஸில் மிளகாய் மூட்டை நெடி, வழியெல்லாம் தும்மல். கல்லூரி ஆய்வகத்தில் நானோ எமல்ஷன் மறுபடியும் பால் மாதிரி கலங்கிவிட்டது. சரியாக வந்தால் தெளிந்த மஞ்சளாக இருக்கும். மஞ்சளின் சத்து தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரைத்து, அந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, நீருக்குள் நிறுத்த வேண்டும். அத்தனை சிறிய துளி என்றால் மருந்தைத் தோலுக்குள் இறக்கலாம். தீக்காயத் தழும்புக்கு. இதுவரை எலிகளில் மட்டும்.

நின்றாலும் நிலைப்பதில்லை. சின்னத் துளிகள் மெல்லக் கரைந்து பெரிய துளிகளுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. சின்னப் பட்டாசுக் கம்பெனிகளைப் பெரியவை விழுங்குவதைப் பார்த்து வளர்ந்த தாயில்பட்டிக்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்க: பற்பசை, ரீஃபில், அம்மாவுக்குத் தேங்காய் எண்ணெய்.

அம்மாவின் வலது கை. போன சீசனில் பட்டாசுக் கம்பெனி மருந்து அறையில் வெந்தது. புண் ஆறிவிட்டது, தோல் இழுத்துப் பிடித்து, விரல்கள் முழுதாக விரிவதில்லை. ஓயாத அரிப்பு.

"எலிக்கெல்லாம் தடவுறியே, பெத்தவளுக்கு ஒரு சொட்டு கொண்டாந்தா என்ன?"

"மனுசங்களுக்குக் குடுக்க இன்னும் அனுமதி இல்லம்மா."

"அப்ப நான் எலியாப் பொறந்திருக்கணும்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

புழுக்கம். கம்பெனி போர்மேன் வீட்டுக்கு வந்தார்.

"யக்கா, நல்லாருக்கீகளா? வடக்க இருந்து பெரிய ஆர்டர். குழாய்க்கு மருந்து செலுத்த ஆள் இல்ல." என்னைப் பார்த்து, "பாப்பா என்ன படிக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா: "மருந்து செலுத்துறதப் பத்தி ஆராய்ச்சி, தம்பி."

ஆய்வின் தலைப்பு அதுதான். தமிழில் சொல்லிக் கொடுத்தவள் நான்.

விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, அதுக்கா காலேஜு? ஒங்கம்மாட்டக் கேட்டா உக்காந்த எடத்துலயே சொல்லிருமே!"

இந்த ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்து, செலுத்துவது என்றால் அதைப் பட்டாசுக் குழாயில் அடைப்பது. உடம்புக்குக் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இந்தக் கைய வச்சுட்டு எப்பிடி? அரிப்பு நின்னா வாரேன், தம்பி."

எனக்கு நிம்மதி. அரிக்கட்டும் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட மகள்.

ஜூன் 13, வெள்ளி

சொறியாமல் இருக்கக் கையைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதி எலிகளுக்கு மருந்தே சேர்க்காத வெறும் ஜெல் தடவுவோம். அதில் ஒரு சின்னப் புட்டி எடுத்து வந்தேன். தீங்கில்லை. பலனும் இல்லை.

"இந்தாம்மா, மருந்து."

கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜூன் 18, புதன்

மேகம் திரண்டது, மழை இல்லை. கைடு மேடம்: "துளி அளவு நல்லா வந்திருக்கு. கட்டுரைக்குப் போதும்." கட்டுரைக்குப் போதும்.

வீட்டில்: "ஏ புள்ள, ஒம் மருந்து நல்லாக் கேக்குது. அரிப்பே இல்ல. வெரலப் பாரு!"

பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஈரம் பட்டால் தோல் கொஞ்சம் இளகும். மீதியெல்லாம் என் வாய்ச்சொல். தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். போர்மேனிடமும்.

ஜூன் 20, வெள்ளி

வெயில். எழுந்தபோது வாசலில் கம்பெனி வேன். அம்மா தூக்குவாளியோடு நிற்கிறாள்.

"எங்கம்மா?"

"அரிப்பு நின்னா வாரேன்னு சொல்லிருந்தேன்ல."

"பேக்கிங்குக்கா?"

"செலுத்தத்தான். வேற என்ன தெரியும் எனக்கு?"

"அம்மா, அந்தப் புட்டில மருந்து இல்லம்மா."

ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"தீந்துருச்சா? தீரட்டும் விடு." ஏறிக்கொண்டே திரும்பினாள். "மருந்துக்கா பஞ்சம்? அங்கன அறை அறையாக் கெடக்கு!"

வேனில் எல்லோரும் சிரித்தார்கள்.

புட்டி ஜன்னலில் இருக்கிறது. பாதிக்கு மேல் அப்படியே.