வீட்டுக்குள் வந்த பார்

3 ஏப்ரல் 2004
வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. மாமல்லபுரம் ரோட்டு பாரிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் இப்படித்தான் ஆடிக்கொண்டே ஓட்டி வருகிறார். போன வாரம் அங்கே குடித்துவிட்டு வந்த ஒருவரை லாரி அடித்துப் போட்டது. குழந்தை அனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே சொல்லிவிட்டேன்: "வாங்கிக்கினு வந்து வூட்லயே குடிங்க." கல்யாணம் ஆனதிலிருந்து ஞானதாஸ் என்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

18 ஏப்ரல்
தனியாகக் குடித்தால் இறங்காதாம். கூட வேலை செய்யும் ஸ்டான்லியும் தினம் வருகிறார். நெத்திலி வறுத்துக் கொடுத்தேன்.
"அண்ணி, இந்த வறுவலுக்கு பார்காரன் உங்க கால்ல வுழணும்."
பி.காம் படித்தது இதற்குத்தானா? ஆனாலும் — சொல்ல வெட்கமாக இருக்கிறது — பிடித்திருந்தது.

9 மே
அனு பால் டம்ளரில் விரலைத் தொட்டு முதல் சொட்டைத் தரையில் தெளித்தாள். அவர்கள் குடிக்கும் முன் செய்வது போலவே. பிறகு என் காபி டம்ளரில் முட்டி, "சீயஸ்ம்மா" என்றாள். ஆண்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூணு வயசு கூட ஆகல. நான்தான... நான்தான கூப்ட்டேன்.

10 மே
இனி இங்கே வேண்டாம் என்றேன்.
"நீ தான வரச் சொன்ன? இப்ப இன்னா பேஜாரு?"
ஞானதாஸ் கேட்டார்.

11 மே
ஸ்டான்லியின் மனைவி அன்பரசி வந்தாள். சண்டைக்கு என்று நினைத்தேன். வாசலைத் தாண்டவில்லை.
"நிறுத்தாதக்கா. உன் எதிர்ல ரெண்டு ரவுண்டோட கம்முனு எய்ந்து வராரு. பார்லேர்ந்து வந்தா என்னப் போட்டு சாத்துவாரு. ஒரு மாசமாத்தான் தூங்கிகினு கீறேன்."
"பொண்ணு பாத்துக்கினு கீறா, அன்பரசி."
"எனுக்கும் ரெண்டு பொண்ணு கீதுக்கா. அதுங்க பாக்கறது வேற."

12 மே
சொன்னதை மாற்றவில்லை. இருவரும் பாருக்குக் கிளம்பிவிட்டார்கள். அனு தூங்குகிறாள். நான் செய்தது சரிதானே?

15 மே
குழாயடியில் அன்பரசி. முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் குடத்தைத் தூக்கினாள். நான் பிடிக்கப் போனேன்.
"வுடுக்கா. பழகிடுச்சி."

16 மே
சாயங்காலம் அனுவை அன்பரசி வீட்டில் விட்டேன். அன்பரசியின் பெண்களோடு விளையாட ஓடிவிட்டாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பாய் விரித்தேன். அவர்கள் குடிக்கும் டம்ளர் இரண்டையும் கழுவி வைத்தேன்.