கமென்ஸ் ஆகாத இரண்டு வருடங்கள்

நேற்றுக் காலை என் மகளுக்கு வேலை உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெருமையாகப் படித்தேன். 'தங்கள் பணி கமென்ஸ் ஆகும் நாள்' என்ற இடத்தில் காபி புரையேறிவிட்டது.

"என்னாச்சும்மா? ஸ்டார்ட்டுன்னு அர்த்தம், அந்தே கதா!" என்று, அவ்வளவுதானே என்பதைத் தெலுங்கில் சொல்லித் தலையில் தட்டினாள்.

அந்தே இல்லையடி என்று சொல்ல வாயெடுத்தேன். இருமல் விடவில்லை. அதை அவளுக்குப் புரியும்படி சொல்லக்கூடியவள், சிநேகிதி, நீ ஒருத்திதான். நீயோ போன வருடமே போய்விட்டாய்.

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் பாறைகளை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்த புது இறக்குமதி, நீ மூன்று தலைமுறையாகச் சிகந்தராபாத். "கைக்கு டென்ஷன், உக்காரு யா" என்றாய். 'எதுக்கு' என்பது உங்கள் ஊரில் 'கைக்கு'. அது தமிழ் என்று புரியாமல் நான் எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் பதில் சொன்னேன். சாகிறவரை அதைச் சொல்லிச் சிரித்தாய்.

சேர்ந்த அன்றே பாண்டில் கையெழுத்துப் போட்டோம். இரண்டு வருடம் ஓடிப்போகக் கூடாது. அதுவரை நம் பட்டச் சான்றிதழ்களின் ஒரிஜினல் கம்பெனி பீரோவில் இருக்கும். "வீட்ல இருந்தா கரையான் அரிக்கும், அங்கன பத்திரமா இருக்கும்லா" என்று என் அப்பா தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்த இரண்டு வருடம், பிராஜெக்ட் கொடுக்கப்படும் நாளிலிருந்து கமென்ஸ் ஆகும் என்று பாண்டில் எழுதியிருந்தது. எல்லோரும் படித்தோம். திங்கட்கிழமையே பிராஜெக்ட் வந்துவிடும் என்ற நினைப்பில் ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை.

அமெரிக்காவில் யாருக்கோ சளி பிடித்தது, நமக்குக் காய்ச்சல் வந்தது. பிராஜெக்ட் வரவில்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பெஞ்ச் என்ற பெயரில் நம்மை உட்கார வைத்தார்கள். பாதிச் சம்பளம், முழு ஏசி. கணினியில் சீட்டாடினோம், யாருக்கு யார்மேல் கண் என்று ஆராய்ந்தோம். வேலையே இல்லாத நமக்கு, தாமதமாக வந்தால் சம்பளப் பிடித்தம் வேறு. வெளியே போகச் சான்றிதழ் இல்லை, உள்ளே செய்ய வேலை இல்லை, தண்டனைக் காலமோ இன்னும் தொடங்கவே இல்லை. ஜெயிலில்கூட உள்ளே போன நாளிலிருந்து எண்ணுவார்கள் என்று நான் புலம்பினேன்.

"எங்க சர்ச்ல வாரா வாரம் பாக்கறதுதான் யா" என்றாய். "எட்டு மணிக்கு ஆராதனை கமென்ஸ்னு போர்டுல இருக்கும். பாஸ்டர் ஸ்கூட்டர்ல வந்து எறங்கறப்ப எட்டரை. கமென்ஸ் காயிதத்துல நடக்கும், ஸ்டார்ட் நெஜத்துல நடக்கும். நமக்கு உல்டா. ஸ்டார்ட் ஆயி ஆறு மாசம், காயிதத்துல இன்னும் பொறக்கவே இல்ல."

உன் அடக்க ஆராதனைக்கும் நாலு மணிக்குக் கமென்ஸ் என்றுதான் போட்டிருந்தார்கள். சரியாக நாலுக்கே தொடங்கிவிட்டார்கள் என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். நாலு பதினைந்துக்கு வந்த நான் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்தப் பெஞ்சுக் காலத்தில்தான் உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உன் வீடு இருந்த போலாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சும்மா உட்கார்ந்திருப்பாய். அங்கே அவருக்கு மதியக் கஞ்சி கொடுக்க ஆளில்லை. உன் வீட்டுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இருந்தது. ஒரிஜினலோடு வா என்று அங்கே தலைமைக் கன்னியாஸ்திரியாக இருந்த மதர் சொல்லிவிட்டார்.

ஹெச்.ஆர். நம் திருச்சிக்காரர், கோபமே வராத மனிதர். ஒரிஜினலைக் கேட்க நீ அவரிடம் போனபோது துணைக்கு நானும் வந்தேன், அதாவது உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"பாண்டு இன்னும் கமென்ஸே ஆகலையேம்மா. அது முடியாம எப்படித் தர்றது?"

"கமென்ஸ் ஆகலேன்னா என்னை எது சார் கட்டி வெச்சிருக்கு?"

அவர் உன்னை வாஞ்சையோடு பார்த்தார். "புத்திசாலிப் பொண்ணும்மா நீ. பிராஜெக்ட் வரட்டும், எங்கயோ போயிடுவ" என்று சொல்லிவிட்டு மேசை இழுப்பறையைப் பூட்டினார்.

நீ திரும்பி வந்து டிபன் டப்பாவைப் பையில் போட்டாய்.

"நான் போறேன் யா."

"சர்ட்டிபிகேட்டு?"

"அது இங்கயே இருக்கட்டும். அதுக்கு ஏசி பழகிடுச்சி. எனக்கு நக்கோ, வேணாம்."

"ஸ்கூல்ல என்னத்தட்டி காட்டுவ?"

"ஜெராக்ஸக் காட்டி அழுவேன். பாதி சம்பளம்தானே தருவாங்க? இங்க மட்டும் என்னா?" லிஃப்ட் பொத்தானை அமுக்கினாய். "நீயும் வா."

எனக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பொண்ணு சாஃப்ட்வேர் என்பதற்காகவே நிச்சயமானது. "நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன்.

அந்த மதர் உன் ஜெராக்ஸையும் கண்ணீரையும் ஏற்றுக்கொண்டார். மதியம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி, உன் கையாலேயே கஞ்சி கொடுத்தாய். உன் அப்பா கண்மூடும்வரை அது நடந்தது. எனக்கு அடுத்த மாதம் பிராஜெக்ட் வந்தது. லட்டு கொடுத்து, என் இரண்டு வருடத்தைக் கமென்ஸ் பண்ணினார்கள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உன்னை இறக்கிவிட்ட லிஃப்ட், யாரும் அழைக்காமலே நாலாவது மாடிக்குத் திரும்ப வந்தது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. நான் அடையாள அட்டையைக் கழுத்தில் திருகிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடிக்கொண்டது.