மகிழம்பூப் பொட்டலம்

சித்தூர்,
4-1-1960

அன்பு மகள் தாட்சாயணிக்கு ஆசிகள்.

ஐப்பசிக் காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கில் எந்த வாசனையும் ஏறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. திருப்பதியில் கட்டும் யாத்ரிகர் விடுதிக்கு, நம் மலைச் செடிகளைக் கொண்டே மணமுள்ள தோட்டம் போடும் பொறுப்பை மேனேஜர் எனக்குத் தந்திருக்கிறார். தெரிந்தால் என்னை நிறுத்திவிட்டு, மணமில்லாத குரோட்டன்ஸ் வைத்துவிடுவார். ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியாருக்கு இனி வேறு வேலை யார் தருவார்கள்?

இலைகள் அனுப்பியிருக்கிறேன். கசக்கி முகர்ந்து, எதை எங்கே நடலாம் என்று எழுது. கொஞ்சம் மகிழம்பூவும் வைத்திருக்கிறேன்; காய்ந்தும் மணக்கிறதா பார்.

உன் நைனா,
எத்திராஜ்

திருத்தணி,
11-1-1960

நைனாவுக்கு நமஸ்காரம்.

நொச்சி நெடி அதிகம், மதிலோரம் போதும். திருநீற்றுப்பச்சை புடவை உரசினால்தான் மணக்கும். நடைபாதை ஓரத்தில் வையுங்கள்.

பொட்டலத்தை மாமியார்தான் பிரித்தார். "தாலி அறுத்தவளுக்குப் பூ அனுப்பிக்கினு கீறாரே உங்க நைனா, அடுத்தது மஞ்சள் குங்குமமா?" என்று பூவை மாட்டுக்கொட்டகையில் கொட்டினார். உங்கள் மாப்பிள்ளை போய் இரண்டு வருஷம் ஆகிறது. மறந்திருக்க மாட்டீர்கள், செடி நினைவில் இருந்திருப்பீர்கள்.

ஏப்ரலில் திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸோடு சேர்கிறதாம். "அப்புறம் சித்தூர் வேற ராஜ்ஜியம், போக்குவரத்து எதுக்கு?" என்கிறார் மாமனார். அதற்குள் என்னை அழைத்துப்போங்கள். அங்கேயே இருந்து முகர்ந்து சொல்கிறேன்.

தாட்சாயணி

சித்தூர்,
21-1-1960

அன்பு மகளுக்கு,

பூ அனுப்பியது பெரிய பிசகு. அழைத்துவந்தால் சம்பந்தி என்ன சொல்வாரோ, ஊரார் என்ன கேட்பார்களோ என்று மனம் ஒரு நிலையில் இல்லை. தோட்ட வேலை முடியட்டும், யோசிக்கலாம்.

திருநீற்றுப்பச்சையை நீ சொன்னபடி பாதையோரம் நட்டேன். யாத்ரிகர்கள் கிள்ளிவிடாமல் சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டியாயிற்று.

இந்தத் தடவை இலைகள் மட்டும்.

நைனா

திருத்தணி,
1-2-1960

நைனாவுக்கு,

பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். தட்டி கட்டினால் எந்தப் புடவை உரசும்? கிள்ளாமல் இருக்கும், மணக்காமலும் இருக்கும்.

கொட்டகையில் ஒரு மகிழம்பூ கிடைத்தது. என் பெட்டியில் இருக்கிறது. கேட்டீர்களே, காய்ந்தும் மணக்கிறது.

இனி இலை அனுப்பவேண்டாம்.

தாட்சாயணி

சித்தூர்,
11-2-1960

என் தாட்சாயணிக்கு,

தட்டியைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு வாசனை தெரியாது, மகள்தான் முகர்ந்து சொன்னாள் என்று மேனேஜரிடம் சொன்னேன். "முந்தியே சொல்லக்கூடாதா, மாஸ்டாரு" என்றார். வேலை இருக்குமா, தெரியாது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சம்பந்தியிடம் என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வாக்கியமும் நேராக வரவில்லை. வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பெட்டியோடு வா.

நைனா